இன்னும் ஒரு ஆள் வரணும்

அத்தை எங்கே போனாலும் ஆட்களை எண்ணுவார். விரலை நீட்டி எண்ண மாட்டார், அப்படி எண்ணினால் ஆகாது என்பார். உதடு மட்டும் மெல்ல அசையும். ரிக்‌ஷாவில் மூன்று பேர் ஏறினால் மூன்று பேரையும் எண்ணுவார். கோயிலுக்குப் போனால் செருப்பு மாட்டும் இடத்தில் ஒருமுறை, தெருவுக்கு வந்ததும் இன்னொரு முறை. கணக்கு சரியாக இருந்தால் "ம், போலாம்" என்பார். ஒரு ஆள் குறைந்தால் அந்த இடத்தை விட்டு அவரை யாராலும் நகர்த்த முடியாது.

எனக்கு அவர் சொந்த அத்தை இல்லை. புனேயில், விஷ்ராந்த்வாடியில், எங்கள் வீட்டுக்காரர். கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்த நானும், சென்னைக்காரப் பெண்கள் இரண்டு பேரும் அவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தோம். முதலில் ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டோம். "அந்தப் பேரு எனக்கு வேண்டாம், அத்தைன்னு கூப்பிடுங்க" என்று முதல் வாரமே சொல்லிவிட்டார். திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கணவர் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, ஓய்வுபெற்ற மறு வருஷமே இறந்துபோனவர். ஒரே மகன் சிட்னியில் இருந்தான்.

முப்பது வருஷம் இருந்தும் அவருக்கு ஊர் பிடிபடவில்லை. ஹிந்தி ஏதோ பேசுவார், படிக்கத் தெரியாது. மராத்தி பால்காரனோடு பேசும் அளவுக்கு. தமிழைத் தவிர எந்த எழுத்தும் தெரியாததால் பஸ் போர்டு, கடைப் பெயர், தெருப் பெயர் எல்லாமே அவருக்குக் கோடுகள்தான். பஸ் வந்தால் கண்டக்டரிடம் கேட்பார், ஏறிய பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார், இறங்கிய பிறகு இது அந்த இடம்தானா என்று தெருவில் போகிறவரிடம் கேட்பார். ஆகவே தனியாகப் பெரும்பாலும் எங்கேயும் போக மாட்டார். மார்க்கெட்டுக்கும் தமிழர்கள் கூடும் முருகன் கோயிலுக்கும் எங்களில் ஒருத்தி கூடப் போக வேண்டும்.

காலையில் ஹிஞ்சேவாடியில் இருந்த அலுவலகத்துக்குப் போக எங்கள் கம்பெனி வண்டி ஏழரைக்கு வரும். மூன்று பேரில் ஒருத்தி எப்போதும் தாமதம். டிரைவர் இரண்டு நிமிஷம் பார்ப்பார், ஹாரன் அடிப்பார், வண்டியை நகர்த்தப் பார்ப்பார். அத்தை போய் வண்டிக்கு முன்னால் நின்றுகொள்வார். கையில் தோசைக் கரண்டி இருக்கும். "ஏக் லட்கி பாக்கி ஹை" என்பார். ஒரு பெண் இன்னும் பாக்கி. டிரைவர், சித்தி என்று கூப்பிடுவதுபோல, காக்கூ, காக்கூ என்று மராத்தியில் கெஞ்சுவார், நேரமாகிறது என்பார், அடுத்த தெருவில் இன்னும் இரண்டு பேரை ஏற்ற வேண்டும் என்பார். அத்தை அசைய மாட்டார். நாங்கள் உள்ளே வெட்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்போம். தாமதமாக வந்தவள் ஏறியதும் ஜன்னல் வழியே எங்கள் மூவரையும் ஒருமுறை பார்ப்பார். அப்புறம்தான் வழிவிடுவார்.

தமிழ்ச் சங்கத்திலிருந்து ஒருமுறை லோனாவ்லா மலைக்குப் பஸ்ஸில் சுற்றுலா போனோம். திரும்பும்போது ஒருவரைக் காணவில்லை. வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், தனி ஆள், யாரோடும் அதிகம் பேசாதவர். அரை மணி காத்திருந்தார்கள். குழந்தைகள் பசி என்று அழ ஆரம்பித்தன. மழை வேறு. செயலாளர் வண்டியை எடுக்கச் சொன்னார். அத்தை இறங்கிவிட்டார். அவர் இறங்கியதால் நானும் இறங்க வேண்டியதாயிற்று. "நீங்க போங்க. நான் இருந்து அவுகளக் கூட்டிட்டு வாரேன்" என்றார். அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வர அவருக்கு எந்த வழியும் தெரியாது, அங்கேயிருந்து ரயில் நிலையம் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. ஒன்றரை மணி நேரம் பஸ் நின்றது. கடைசியில் யாரோ அவர் வீட்டுக்குப் போன் போட்டுப் பார்த்தார்கள். நண்பர் ஒருவருடைய காரில் அவர் மத்தியானமே ஊர் திரும்பி, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் எல்லோரும் அத்தையைத் திட்டினார்கள். முகத்துக்கு நேராகவே திட்டினார்கள். அத்தை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, "வீடு போய்ச் சேந்துட்டாவல்லா. அது போதும்" என்றார்.

எனக்கு அவர்மேல் பிரியம் இருந்தது. எரிச்சலும் இருந்தது. அடுத்த வருஷம் மழைக்காலத்தில் முளா நதியில் தண்ணீர் ஏறி, பாலத்தை மூடிவிட்டார்கள் என்று டிவியில் சொல்லியிருக்கிறார்கள். அன்று எனக்கு ஒரு முக்கியமான கூட்டம். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் தொலைபேசியில், எங்கள் மேனேஜர் என் பக்கத்தில். அத்தை என் அலுவலகத்து எண்ணைத் தேடிப் பிடித்து, வரவேற்பில் இருந்த பெண்ணிடம் தன் ஹிந்தியில் என்ன சொன்னாரோ, அவள் பயந்துபோய் நேராக அந்த அறைக்கே இணைப்பைக் கொடுத்துவிட்டாள். அறை முழுக்கக் கேட்டது: "ஏட்டி, நீ அங்கனதான் இருக்கியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவா என்று மேனேஜர் கேட்டார். வீட்டுக்காரர் என்று சொன்னேன். அன்று சாயங்காலம் அத்தையிடம் கோபமாகவே பேசினேன். எனக்கு இருபத்தாறு வயது ஆகிறது, என்னை எண்ண வேண்டாம் என்றேன். இரண்டு நாள் கழித்து, மடியில் தட்டை வைத்துப் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருக்கும்போது என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். நானும் உரித்தேன். அவராகவே ஆரம்பித்தார்.

கல்யாணமாகி முதல் தடவை புனேக்கு ரயிலில் வந்திருக்கிறார்கள். மாமியார், இரண்டு நாத்தனார்கள், ஒரு கொழுந்தன், கணவர், இவர். இவருக்குப் பத்தொன்பது வயது. தௌண்ட் சந்திப்பில் வண்டி நின்றதும் மாமியார் கூஜாவைக் கொடுத்துத் தண்ணீர் பிடித்து வரச் சொன்னார். குழாயில் கூட்டம். கூஜா முக்கால்வாசி நிறைந்தபோது வண்டி நகர்ந்தது. இவர் ஓடினார். புதுப்புடவை தடுக்கியது. வண்டி போயேவிட்டது.

"எந்த ஊர்ல நிக்கேன்னு தெரியல. போர்டு இருந்துச்சு, படிக்கத் தெரியல. இந்த ஊருக்கு என்ன பேருன்னு கேக்கவும் தெரியல. அஞ்சு மணி நேரம், கூஜாவ இடுப்புல வச்சிக்கிட்டு நின்ன எடத்துலயே நின்னேன். ஒரு சொட்டு குடிக்கல. மாமியாருக்குப் பிடிச்ச தண்ணில்லா."

கணவர் அடுத்த ரயிலில் திரும்பி வந்தாரா என்று கேட்டேன். வந்தார். வந்ததும், நீ ஏன் இறங்கினாய் என்றுதான் கேட்டாராம். வேறு பெட்டியில் ஏறியிருப்பாள் என்று நினைத்தோம் என்று மாமியார் சொன்னாராம். புனே வந்து, சாமான்களை இறக்கி, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தபோதுதான் கூஜா இல்லாதது தெரிந்திருக்கிறது. கூஜாவைத் தேடியபோதுதான் இவரைத் தேடியிருக்கிறார்கள்.

"அத்தன பேரு இருந்தாவ. ஒருத்தருக்கும் எண்ணிப் பாக்கத் தோணல பாரு" என்றார். பட்டாணித் தோலைக் காகிதத்தில் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. பின்னால் நான் செய்ததைத் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அதற்கடுத்த வருஷம் என்னைச் சிட்னிக்கு அனுப்பினார்கள். கம்பெனியில் அந்த இடத்துக்கு நாலு பேர் போட்டி. மேனேஜர் என்னைத் தேர்ந்தெடுத்ததே ஆச்சரியம். திங்கட்கிழமை காலை நான் அங்கே வேலையில் சேர்ந்தாக வேண்டும். அதே சமயம் அத்தையின் மருமகளுக்குப் பிரசவம். அத்தைக்கு விசா வந்துவிட்டது, தனியாக எப்படி அனுப்புவது என்று மகன் கவலைப்பட்டுக்கொண்டிருந்தான். என் பயணம் தெரிந்ததும் போன் செய்தான். என் டிக்கெட்டோடு சேர்த்து அம்மாவுக்கும் போட்டுவிடுகிறேன், பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றான். நானும் அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. அதை அவனிடம் சொல்லவில்லை. சரி என்றேன்.

மும்பையில் ஏறினோம். ஜன்னல் ஓர இருக்கையை அத்தைக்குக் கொடுத்தேன். இரவு முழுக்க இரண்டு பேரும் தூங்கவில்லை. சிங்கப்பூரில் இறங்கும்போது அங்கே காலை எட்டு மணி. அடுத்த விமானம் மாலை ஐந்துக்கு. அத்தை முதல் வேலையாகத் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்து, இந்த ஊர் நேரத்துக்கு மாற்றச் சொன்னார். இரண்டரை மணி நேரம் கூட்டி வைத்துக் கொடுத்தேன். என்னுடையதை மாற்றவில்லை. அம்மாவுக்குப் போன் பண்ண ஊர் நேரம் தெரிய வேண்டும் என்று அப்படியே விட்டேன்.

அந்த விமான நிலையத்தைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் போய் வந்தவர்கள் கதைகதையாகச் சொல்வார்கள். உள்ளேயே பூந்தோட்டம் இருக்கிறது, இலவசமாகச் சினிமா பார்க்கலாம், மொட்டைமாடியில் சூரியகாந்தி பூத்திருக்கும், புதிதாகத் திறந்த முனையத்தில் பட்டாம்பூச்சிகளை வளர்க்கிறார்கள் என்று. என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியே வைத்திருந்தேன். ஒன்பது மணி நேரம் கையில் இருக்கிறது. எனக்குத் தூக்கமெல்லாம் பறந்துபோயிற்று.

அத்தைக்கு அந்த இடத்தின் அளவே பயமாக இருந்தது. கம்பளம் விரித்த தரை முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. நடக்காமலே நம்மைக் கொண்டுபோகும் நகரும் தரையில் கால்வைக்க மறுத்து, அதன் ஓரமாகவே வேகமாக நடந்து வந்தார். நான் அதில் நின்றபடி போனேன். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் போகிறோமா என்று என்னைப் பார்த்துக்கொண்டே வந்ததில் எதிரே வந்தவர்மேல் மோதிக்கொண்டார். கால் பிடித்துவிடும் இயந்திர நாற்காலியில் உட்காரச் சொன்னேன். "மெசினு காலப் பிடிச்சிக்கிட்டா அவசரத்துக்கு எப்படி எந்திரிச்சு ஓடுகது?" என்று மறுத்துவிட்டார். மீன் குளத்தில் பொன்னும் வெள்ளையுமாகப் பெரிய பெரிய மீன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அங்கே மட்டும் கொஞ்ச நேரம் நின்றார். உதடு அசைந்தது.

ஒரே ஒரு இடத்தில் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். ஒரு கதவில் நான்கு மொழிகளில் எச்சரிக்கை எழுதியிருந்தது. நாலாவது தமிழ். அவசர காலத்தில் மட்டும் திறக்கவும் என்பதுபோல ஏதோ. அத்தை நின்று எழுத்துக்கூட்டாமல் கடகடவென்று வாசித்தார். திரும்பவும் வாசித்தார். "ஏட்டி, நம்ம எழுத்துல்லா போட்டிருக்கான்" என்றார். புனேயில் ஒரு கதவில்கூட அவருக்காக யாரும் எழுதி வைத்ததில்லை.

பிறகு பழையபடி ஆகிவிட்டார். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தன் கடிகாரத்தை நீட்டி, மணி சரிதானா என்று கேட்டார். பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கழுத்தில் தொங்கிய துணிப்பையைத் தடவினார். பெட்டிகளைத் தொட்டுப் பார்த்தார். பட்டாம்பூச்சித் தோட்டத்துக்குப் போக வேறு முனையத்துக்கு ஒரு குட்டி ரயிலில் போக வேண்டும் என்றதும் நின்றுவிட்டார். ரயில் நம்மை வேறு எங்கேயாவது கொண்டுபோய் விட்டால் என்ன செய்வது என்றார். டிரைவர்கூட இல்லாத ரயில் அது. எனக்கு அழுகை வரும்போல எரிச்சல். எல்லாம் இத்தனை அருகில் இருந்தும், மணி பன்னிரண்டரை வரை ஒரு மீன் குளத்தைத் தவிர எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

எங்கள் விமானத்துக்கு ஏறும் கேட்டுக்கு எதிரே இருந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்தேன். என் கைப்பெட்டியையும் அவரிடமே விட்டேன்.

"நீங்க இங்கயே இருங்கத்தை. எங்கயும் எந்திரிச்சுப் போயிடாதீங்க. ரெண்டு மணிக்கெல்லாம் வந்துடறனுங்க."

"ரெண்டு மணிக்கு வந்துருவல்லா?"

வந்துவிடுவேன் என்றேன். திரும்பிப் பார்க்காமல் போனேன். அந்தக் குட்டி ரயிலில் ஏறியபோது எனக்குள் ஏற்பட்ட விடுதலையை இப்போதும் மறக்க முடியவில்லை.

பட்டாம்பூச்சித் தோட்டம் கண்ணாடியும் வலையுமாக இரண்டு அடுக்கு உயரம். உள்ளே அருவி விழுந்துகொண்டிருந்தது. அன்னாசிப்பழத் துண்டுகளை வெட்டி வைத்திருந்தார்கள், அதன்மேல் பட்டாம்பூச்சிகள் மொய்த்தன. ஒன்று என் தோளில் உட்கார்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் சூரியகாந்தி மாடி. அங்கே வெயில், விமான எண்ணெயின் வாசனை, வரிசையாக என் முகமளவு பூக்கள். கடைகளில் வாசனைத் திரவியங்களைக் கையில் தெளித்துப் பார்த்தேன். இறங்கி வரும் வழியில் கால் பிடித்துவிடும் நாற்காலிகள் காலியாக இருந்தன. ஐந்து நிமிஷம் என்று உட்கார்ந்தேன். முந்தைய இரவு தூங்காதவள். தூங்கிவிட்டேன்.

கண் விழித்ததும் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று முப்பத்தைந்து. இரண்டு மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நிதானமாக எழுந்து முகம் கழுவி, மேனேஜர் சொல்லியிருந்த சாக்லேட்டைத் தேடி இரண்டு பெட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். எழுத்துகள் படபடவென்று புரண்டு மாறும் பெரிய பலகையின் முன்னால் நின்றேன். எங்கள் விமானத்துக்கு எதிரே விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. மேலே மணி நான்கு இருபது என்று இருந்தது.

என் கடிகாரம் ஊர் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. புரிந்ததும் குட்டி ரயிலைப் பார்த்து ஓடினேன்.

ரயிலுக்கு மூன்று நிமிஷம் நின்றேன். அங்கிருந்து கேட் வரை ஓடினேன். நாற்காலி காலி. அவர் பையும் என் பெட்டியும் இல்லை. ஏறும் வரிசையில் கடைசிப் பத்துப் பேர் நின்றிருந்தார்கள், அதில் அத்தை இல்லை. கழிப்பறைக்குள் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். தண்ணீர் குடிக்கும் இடம், பக்கத்துக் கேட், அதற்கும் அடுத்த கேட். வெள்ளையில் நீலக்கரை போட்ட சேலை எங்காவது தெரிகிறதா என்று பார்த்தேன். திரும்ப வந்து கேட்டில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். அவள் அத்தையின் பெயரை ஒலிபெருக்கியில் இரண்டு முறை சொன்னாள். ஆங்கிலத்தில் சொன்னாள். பெயரையும் அத்தைக்கு அடையாளம் தெரியாதபடி சொன்னாள்.

வரிசை தீர்ந்துவிட்டது. கேட்டில் நான் மட்டும். இன்னும் சில நிமிஷங்களில் மூடிவிடுவோம், நீங்கள் ஏறுகிறீர்களா, இல்லை விமானத்துக்குள் ஏற்றிய உங்கள் பெரிய பெட்டியையும் இறக்கச் சொல்லவா என்று அவள் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நான் காலி நாற்காலியையே திரும்பிப் பார்த்ததைக் கண்டு, இன்னொரு கேள்வி கேட்டாள். அவர் உங்கள் சொந்தக்காரரா?

திங்கட்கிழமை காலை என் கண்முன் வந்தது. மேனேஜர் முகம் வந்தது. ஒரு வயதான பெண்மணியை விமான நிலையத்தில் தொலைத்துவிட்டேன், அதனால் வரவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். இதையெல்லாம் யோசிக்க எனக்கு நேரம் இருந்தது.

"இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்" என்றேன். எங்கள் வீட்டுக்காரர் என்றுகூடச் சொல்லவில்லை.

அப்படியானால் நீங்கள் ஏறுங்கள், நாங்கள் அவரைப் பார்த்துக்கொள்கிறோம் என்றாள். நான் சீட்டைக் கொடுத்தேன். அவள் கிழித்தாள். அந்தக் குழாய்போன்ற பாதையில் நடந்தேன். ஒருவேளை அத்தை முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி இருக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். என்னை விட்டுவிட்டு அவர் ஏற மாட்டார்.

ஜன்னல் ஓர இருக்கை காலியாக இருந்தது. நான் என் இடத்தில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். மேலே பெட்டிகளை வைத்து மூடும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. இறங்கிவிடு என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. பணிப்பெண் இரண்டு முறை என்னைக் கடந்து போனாள். இரண்டு முறையும் நான் அவளைக் கூப்பிடவில்லை. அந்த ஊரில் அவருக்கு யாரைத் தெரியும், மகனின் எண் அந்தத் துணிப்பையில் இருக்கிறதா, இருந்தாலும் அதை எடுத்துக் காட்டத் தோன்றுமா, எங்கே நின்றுகொண்டிருக்கிறார் என்றெல்லாம் நினைத்தேன். நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அப்போது முன்வாசல் பக்கம் தமிழ்க் குரல் கேட்டது. அத்தை வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் தன் பை, மறு கையில் என் பெட்டி. சேலை தோளிலிருந்து சரிந்திருந்தது, நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்திருந்தது. மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்ததும் நின்றார். உதடு ஒருமுறை அசைந்தது. நாங்கள் இரண்டு பேர்தான்.

என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். இரண்டு மணிக்கு நான் வரவில்லை. இரண்டரை வரை பார்த்திருக்கிறார். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முடிவு செய்து, இரண்டு சுமையையும் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு தமிழ்ப் பெண்ணிடம் பட்டாம்பூச்சி எங்கே என்று கேட்டிருக்கிறார். டிரைவர் இல்லாத அந்த ரயிலில் தனியாக ஏறியிருக்கிறார். தோட்டத்தில் தேடி, சூரியகாந்தி மாடியில் தேடி, சினிமா ஓடும் இருட்டறைக்குள் போய் ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்து, மீன் குளத்துக்குத் திரும்பி வந்து, மறுபடியும் தோட்டத்துக்குப் போயிருக்கிறார். பச்சைச் சுடிதார், ஒற்றைச் சடை என்று தமிழ் முகமாகத் தெரிந்த எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். நான் தூங்கிய நாற்காலி எந்தப் பக்கம் இருந்ததோ, அந்தப் பக்கம் மட்டும் அவர் வரவில்லை. கடைசியில் ஒரு தமிழ் அதிகாரி அவருடைய சீட்டை வாங்கிப் பார்த்து, யாரிடமோ பேசி, நேரமாகிவிட்டது வாருங்கள் என்று சின்ன வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்.

"நான் வரமாட்டேன்னுட்டேன். பிள்ளையக் காணாம எப்படி ஏறன்னு சொன்னேன். அப்பந்தான் அவுக போன்ல கேட்டுட்டு, அந்தப் பொண்ணு ஏற்கெனவே உள்ள போயிட்டுதேன்னு சொன்னாவ." கொஞ்சம் நிறுத்தினார். "அதக் கேட்ட பொறவுதான் எனக்கு உசிரு வந்துச்சு."

மன்னிச்சிடுங்கத்தை என்று ஆரம்பித்தேன். கடிகாரத்தைக் காட்டினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. பெல்ட்டைப் போட்டுவிடச் சொன்னார். போட்டுவிட்டேன். விமானம் மேலே ஏறி வெகுநேரம் கழித்து, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "அந்தப் பட்டாம்பூச்சி ஒண்ணு என் கையில வந்து உக்காந்துச்சு. தட்டிவிட்டுட்டு ஓடினேன்" என்றார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கினாரா என்று தெரியவில்லை.

சிட்னியில் மகன் வெளியே காத்திருந்தான். அம்மாவைக் கட்டிக்கொண்டான். என்னிடம் திரும்பி, ரொம்ப நன்றி, அம்மா உங்களைப் படுத்தியிருப்பாங்களே என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை பேசினார்.

"இந்தப் பிள்ள என்னைய விட்டு ஒரு அடி நவரலப்பா. ஏர்போர்ட்டு பூராம் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி காட்டுச்சு. மீனு, சூரியகாந்தி, பட்டாம்பூச்சி, ஒண்ணு விடல."

சொல்லும்போது என் பக்கம் பார்க்கவேயில்லை. மகன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். என்னை அறையில் விட்டுவிட்டுப் போகிறேன் என்று வற்புறுத்தினான். கம்பெனி வண்டி வரும் என்று பொய் சொல்லிவிட்டு அங்கேயே நின்றுகொண்டேன். திங்கட்கிழமை காலை சரியான நேரத்துக்கு வேலையில் சேர்ந்தேன்.

அங்கே ஐந்து மாதம் இருந்தேன். பேத்தி பிறந்த பிறகு ஒருமுறை போய்ப் பார்த்தேன். அத்தை மெலிந்திருந்தார், சந்தோஷமாக இருந்தார். எனக்குத் தட்டில் சோறு போட்டு ரசம் ஊற்றினார். பழைய மாதிரியேதான் பேசினார். குழந்தையை என் மடியில் வைத்தார். நான் பயந்து பயந்துதான் வாங்கிக்கொண்டேன்.

என் வேலை முடியும் வாரத்திலேயே அத்தையின் விசாவும் முடிந்தது. மகனுக்குப் போன் செய்து, இந்த முறையும் டிக்கெட்டைச் சேர்த்தே போட்டுவிடலாம், நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். அவனுக்குப் பெரிய நிம்மதி. அம்மாவிடம் சொல்கிறேன் என்றான். இரண்டு நாள் அவனிடமிருந்து பதில் இல்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டான். குரலில் ஆச்சரியம் இருந்தது.

"அம்மா தனியாவே போறேங்கறாங்க. எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். 'அந்தப் பிள்ளைக்கு எதுக்குச் சிரமம், நான் கேட்டுக் கேட்டுப் போயிருவேன்'ங்கறாங்க."